சொந்த உபயோகத்துக்கு ஒரு ஜப்பான் வண்டி

1

இன்சூரன்ஸ் கெடு தாண்டிப்போனால், ஆபீசிலிருந்து ஆள் வந்து வண்டியை நேரில் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் புதுப்பிப்பார்கள். போன வாரம் அப்படி ஒரு இளைஞர் ஜோகுபாளையத்தில் எங்கள் சந்துக்கு வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். இந்தச் சந்துக்குள் இவ்வளவு பெரிய வண்டி எப்படி நுழைந்தது என்று அவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு பேனாவை எடுத்து, சொந்த உபயோகமா வாடகைக்கு ஓட்டுவதா என்று கன்னடத்தில் கேட்டார்.

"பர்சனல்" என்றேன்.

எதிர்வீட்டு ராதம்மா அப்போது எங்கள் பானெட்டின் மேல் காயப்போட்டிருந்த மிளகாயை வாரிக்கொண்டிருந்தார். சந்தில் நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் அது ஒன்றுதான். அவர் நல்ல எண்ணத்தில்தான் வாயைத் திறந்தார். "ஏனு பர்சனல்? இது ஹெண ஒய்யோ காடி அல்வா" என்றார். பிணம் கொண்டுபோகிற வண்டிதானே இது என்று அர்த்தம்.

இளைஞர் பின்கதவில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். பர்சனல் என்றே எழுதிக்கொண்டு, என் மனைவி வாணி போட்ட காபியைக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். காபியை நான் குடித்தேன். அவருக்கு விளக்கமாகச் சொல்ல முடியாததை, ஊரில் இருக்கிற உங்களுக்காவது சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்தது தொண்ணூற்றொன்றில். வைட்ஃபீல்டு பக்கம் ஒரு ஜப்பான்காரர்களின் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலை. அங்கே பெரிய மேனேஜருக்கு என்று ஜப்பானிலிருந்தே ஒரு ஜீப் வந்திருந்தது. ஜீப் என்று சொல்வது அதற்கு மரியாதைக் குறைவு. தோல் சீட்டு, ஏழு பேர் உட்காரும் இடம், கூரையில் திறந்து மூடும் கண்ணாடி, முன் சீட்டுகளுக்கு நடுவில் தண்ணீர் பாட்டிலைக் குளிரவைக்க ஒரு சின்னப் பெட்டி. டாஷ்போர்டில் கடிகாரம் போல மூன்று வட்ட மீட்டர்கள். அதில் ஒன்று, வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும். பெங்களூரில் அது எதற்கு என்று அப்போதே ஸ்டோர்ஸில் சிரித்திருக்கிறோம்.

மேனேஜர் ஊருக்குத் திரும்பியபோது வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். நம் நாட்டு நான்கு சக்கர இழுவை வண்டிகளை வாங்க ஆள் இருந்தது. இதை வாங்க ஒருவரும் இல்லை. ஒரு விளக்குக் கண்ணாடி உடைந்தால் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும் என்று எல்லோரும் பயந்தார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் அதைவிட ஆசை பெரிதாக இருந்தது. விலையைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் வாணிக்கு இன்னும் கோபம் வரும். பேர் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்ததில் ஒரு மழைக்காலமே போய்விட்டது. இறக்குமதிச் சான்று எங்கே என்பார்கள், கொண்டுபோனால் அதன் நகல் எங்கே என்பார்கள். ஒருநாள் அங்கே ஒரு பெரிய அதிகாரியை நான் 'நீனு' என்று கூப்பிட்டுவிட்டேன். தெருவில் கற்ற கன்னடத்தில் 'நீவு' என்கிற மரியாதை நாக்குக்கு லேசில் வருவதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக என் கோப்பு மேஜைக்கு அடியில் போனது. கடைசியில் என் மகள் நித்யாவை ஸ்கூலுக்கு லீவு போடச்சொல்லிக் கூட்டிப்போனேன். அவள் இரண்டு நிமிஷம் பேசினாள், அவர் சிரித்தார், கோப்பு மேலே வந்தது. நித்யா பிறந்தது இங்கேதான். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்கவரும், கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அது குறித்து எனக்கு வருத்தம் உண்டு. அன்றைக்கு மட்டும் வருத்தப்படவில்லை.

வண்டி வந்த பிறகுதான் அடுகோடி பாஷா பாயின் நட்பு கிடைத்தது. ஓசூர் ரோட்டுக்குப் பின்னால் அவருடைய ஒர்க்‌ஷாப். முதல் நாளே, "நாலு சக்கரமும் இழுக்கற வண்டிய ரெண்டு சக்கரத்துல எதுக்கு ஓட்டறீங்க சார்? நாலையும் போட்டே ஓட்டுங்க. லோடு பங்காயிடும், இன்ஜின் சுகமா இருக்கும்" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துத்தானே விலை கொடுத்திருக்கிறோம், இரண்டை மட்டும் ஏன் சும்மா உருட்ட வேண்டும்? நம் ஊர்க்காரனுக்கு இப்படித்தான் கணக்குப் போடத் தெரியும். சின்ன லீவரைத் தள்ளி நான்கு சக்கரத்திலேயே அல்சூர் சந்தைக்கும் ஆபீசுக்கும் ஓட்டினேன். திருப்பத்தில் எல்லாம் வண்டி முரண்டு பிடித்தது, அடியில் யாரோ முனகுவது போலச் சத்தம் வந்தது. காய்ந்த தார் ரோட்டில் அப்படி ஓட்டக்கூடாது, அது சேற்றுக்கும் மணலுக்கும் உள்ளது என்று எங்கள் இருவருக்குமே பிறகுதான் தெரிந்தது. அதற்குள் டயர்கள் வழுக்கைத் தலையாகிவிட்டன, கியர் பெட்டியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

"கைகூ டென்ஷன், எதுக்கு டென்ஷன் சார்" என்றார் பாஷா பாய், கொஞ்சமும் வெட்கப்படாமல். "ஜப்பான்காரன் புஸ்தகத்த ஜப்பான் பாஷைல எழுதி வெச்சான். நாம என்ன பண்றது?"

அன்று முதல் அந்த வண்டியைப் பராமரிப்பது எங்கள் இருவருடைய மானப்பிரச்சினை ஆனது. பெல்ட்டுக்கு லாரி பெல்ட்டைத் தேடிப் பிடித்தார். டீசல் வடிகட்டியை டிராக்டரிலிருந்து எடுத்து மாட்டினார். குளிர்பெட்டி வேலை செய்யவில்லை, அதில் நான் தக்காளி வாங்கிப்போட்டுக்கொண்டு வருவேன். ஆனால் இன்ஜின் மட்டும் ஒருநாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை.

3

முதலில் கேட்டது மர்பி டவுனில் இருந்த என் சக ஊழியர் தனபால். அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். வெளியே நின்ற வேன்காரர்கள் ஓசூர் எல்லை தாண்ட மாட்டோம் என்றும், தாண்டினால் வேறு ரேட் என்றும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தனபால் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, என் வண்டியைப் பார்த்துக் கேட்டார். பின்சீட்டுகளை இரண்டு பக்கமும் மடக்கிவிட்டால் ஒரு ஆள் நீளமாகப் படுக்க இடம் உண்டு. பின்கதவு மேலே தூக்குவது இல்லை, வீட்டுக் கதவு போலப் பக்கவாட்டில் திறப்பது. இதையெல்லாம் அவர் என்னைவிட முன்பே கவனித்திருந்தார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு வரிசையாகக் கேட்டார்கள். இங்கே எங்கள் பக்கத்தில் எல்லோரும் முப்பது நாற்பது வருஷமாக இருப்பவர்கள். ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே, பிள்ளைகளின் பேச்சு இங்கத்தியது. செத்தால் மட்டும் ஊருக்குப் போக வேண்டும். திருப்பத்தூர், ஆரணி, ஒருமுறை செய்யாறு வரைக்கும் போயிருக்கிறேன். டீசலைத் தவிர யாரிடமும் எதையும் வாங்கியதில்லை. அதனால்தான் பர்சனல் என்று இன்சூரன்ஸ்காரரிடம் துணிச்சலாகச் சொன்னேன்.

அத்திபெலே சோதனைச் சாவடியில் போலீஸ்காரர்களுக்கு என்னை அடையாளம் தெரியும். டாக்டர் சான்றிதழை நீட்டினால் தொப்பியைக் கழற்றிவிட்டு, போங்கள் என்று கையைக் காட்டி, "ஹோகி ஹோகி" என்பார்கள். ஓசூர்ப் பக்கத்தில் அதே தாளைத் தமிழில் முதலிலிருந்து விளக்க வேண்டும். செத்தவரின் பெண்டுபிள்ளைகள் எல்லை தாண்டியதும் ஏனோ குரல் விட்டு அழத் தொடங்குவார்கள். அதுவரை அடக்கிக்கொண்டு வருவார்கள். திரும்பும்போது நான் மட்டும்தான். போகிற வழி முழுக்க ஜனங்களும் அழுகையுமாக இருந்துவிட்டு, காலி வண்டியில் கிருஷ்ணகிரி மேடு ஏறுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

வாணிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவள் சண்டை போடவில்லை. ஒவ்வொரு முறையும் வண்டியைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, அதன் பிறகுதான் என்னை உள்ளே விடுவாள். "ஏழு பேர் உக்கார வாங்கின வண்டி. ஒருத்தர் படுத்துக்கிட்டுப் போறதுக்குத்தான் ஆச்சு" என்பாள்.

4

என் மாமனார் எங்களோடு வந்து நான்கு வருஷம் இருந்தார். குடியாத்தத்தில் அவருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. வாணிதான் போய், இந்த வண்டியிலேயே, உட்காரவைத்துக் கூட்டிவந்தாள். இங்கே ஆஸ்பத்திரி நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அவள் மனதில் வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அவள் தம்பி சேகருக்கு அது அவமானமாகிவிட்டது. மகன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது கட்டிக்கொடுத்த பெண் வீட்டுக்கு அப்பா போவதா? ஊரார் என்ன பேசுவார்கள்? என்னால் பார்த்துக்கொள்ள முடியாது என்று அக்கா முடிவு கட்டிவிட்டாளா? அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். வாணி எடுத்தால், "அப்பாகிட்ட குடு" என்பான், அவ்வளவுதான்.

வாணி ஒவ்வொரு தீபாவளிக்கும் கூப்பிட்டாள். சேகரின் மனைவி மல்லிகா வரேன் வரேன் என்பாள், வரமாட்டார்கள். மாமனாருக்கு மகனைப் பார்க்க ஆசைதான். வாசலில் பெரிய வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவார், நான் உள்ளே வந்தால் தலையைக் கீழே போட்டுக்கொள்வார். எனக்கு அது கஷ்டமாக இருக்கும்.

ஒருமுறை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகும்போது அவரே அந்தப் பேச்சை எடுத்தார். என் வண்டி எங்கெல்லாம் போய்வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

"எல்லாரையும் கொண்டு போய் வுடறியே மாப்ள. என்னையும் இதுலதான் கொண்டு போவியா?"

"என்ன பேச்சு மாமா இது? எங்க கொண்டு போகணும்னு சொல்லுங்க, கொண்டு போறேன்" என்றேன், விளையாட்டு போல.

"செத்தப்புறம் எனக்கு என்னா தெரியப்போவுது? வாணிய கேட்டுச் செய்" என்றார்.

5

போன ஆவணியில், காலை காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்துச் சொல்வதற்கு முன்பே வாணி புரிந்துகொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷம், வெளியே போய்ப் பின்சீட்டுகளை மடக்கத் தொடங்கினேன். தனபாலும் இன்னும் இரண்டு பேரும் வந்து, பாய் எங்கே, கயிறு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இந்த வேலை மனப்பாடம்.

வாணி வாசலுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"சீட்ட நிமித்துங்க. அப்பா எங்கயும் போகல. இங்கயே எடுக்கலாம்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மகன் இருக்கிறான், சொந்த ஊர் இருக்கிறது, பங்காளிகள் இருக்கிறார்கள். கட்டிக்கொடுத்த பெண் இப்படி முடிவெடுத்து நான் பார்த்ததில்லை. அதற்குள் போன் அடித்தது. சேகர். வாணி போனைக் காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தாள், எங்களுக்கும் கேட்டது.

"மாமாகிட்ட வண்டி இருக்குது இல்ல? மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துடுங்க. எல்லாம் சொல்லிட்டேன்."

"இல்ல சேகரு. அப்பா இங்கதான். நீ வா."

"என்னா சொல்ற? ஊரான் வூட்டு மண்ணுலயா? எல்லாரையும் கொண்டுபோற வண்டி, எங்கப்பாவுக்கு மட்டும் கெடையாதா? நான் அங்க வரமாட்டேன். கொண்டாந்தா செய்றேன்."

"நீ வந்தாதான் செய்யணும். வர்ற வரைக்கும் வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் புதைப்பதுதான் வழக்கம். மகன் வந்து முதல் மண்ணைத் தள்ள வேண்டும். அவன் வரவில்லையென்றால் அந்த மனுஷனின் கடைசிக் காரியம் அரைகுறையாகிவிடும், அக்கா தம்பி உறவும் அதோடு முடிந்துவிடும். எனக்குப் பயமாக இருந்தது. இது தம்பி மேல் உள்ள கோபம், நான்கு வருஷத்துக் கோபம் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொல்லியும் பார்த்தேன். "போய் அவங்கள ஏத்திக்கிட்டு வாங்க" என்றாள்.

ஐஸ் பெட்டி வந்தது. நித்யா மயானத்து ஆபீசுக்குப் போய், இடம் கேட்டு, வாதாடி, அனுமதிச் சீட்டும் வாங்கி வந்துவிட்டாள். நான் ஏழு சீட்டையும் நிமிர்த்திக்கொண்டு கிளம்பினேன். அத்திபெலேயில் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். காலி. "யாரு?" என்றார். "மாமனார். வீட்டிலேயே இருக்கிறார்" என்று கன்னடத்தில் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

குடியாத்தத்தில் வீட்டு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். நாற்காலிகள், மேளக்காரர்கள், மாலைகள். அக்கா எப்படியும் இறங்கிவருவாள் என்று சேகர் நம்பியிருக்கிறான். என் வண்டி தெருவில் திரும்பியதுமே மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் இறங்குவதற்குள் நாலைந்து பேர் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே தோல் சீட்டுகள் வரிசையாக நிமிர்ந்திருந்தன. மேளம் ஒவ்வொன்றாக நின்றது.

என் வாழ்நாளில் அப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவில் நான் நின்றதில்லை. சேகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பின்கதவுக்குள் பார்த்தான்.

"அப்பா எங்க மாமா?"

"வீட்ல இருக்காருப்பா. உங்கள ஏத்திக்கிட்டுப் போக வந்தேன்."

"என்ன அசிங்கப்படுத்தறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா ரெண்டு பேரும்?"

"அவ காத்துக்கிட்டிருக்காப்பா. உனக்காக வெச்சிருக்கா" என்றேன்.

யாரும் அசையவில்லை. ஒரு பங்காளி, அதெப்படி முடியும் என்று குரலை உயர்த்தினார். அப்போது மல்லிகா உள்ளே போய், ஒரு பையோடு வெளியே வந்தாள். நடுக்கதவைத் திறந்தாள். படி உயரம், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள்.

"நான் போறேன். நாலு வருஷமா கூப்பிட்டுச்சு அண்ணி. மாமாவ உசுரோட பாக்கல, இப்பவாவது பாக்கறேன்" என்றாள், முன்னால் இருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே.

அதற்கப்புறம் மாமனாரின் தங்கை ஏறினார், அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டோம். பங்காளி ஒருவர் ஏறினார். குரலை உயர்த்தினவர்தான். பின்னாலேயே சேகரின் பையனும் இன்னும் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். சேகர் கடைசி வரை நின்றான். பிறகு மேளக்காரர்களிடம் போய் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தான்.

வாணியம்பாடி தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தான். கிருஷ்ணகிரி மேடு ஏறும்போது டாஷ்போர்டைக் காட்டி, "இது என்னா?" என்றான்.

"வண்டி எவ்வளவு சாஞ்சிருக்குன்னு காட்டும்."

"எவ்ளோ சாஞ்சா கவுரும்?"

"தெரியலப்பா. புஸ்தகம் ஜப்பான் பாஷைல இருக்கு."

அதற்குப் பிறகுதான் அவன் அழுதான். பின்னால் இருந்தவர்களும் அழுதார்கள். எல்லையை நாங்கள் எதிர்ப்பக்கமாகத் தாண்டினோம். வண்டியில் ஏழு பேருக்கான இடத்தில் ஒன்பது பேர் இருந்தோம்.

6

மறுநாள் காலையில் கல்பள்ளி மயானத்தில் எடுத்தோம். சேகர்தான் எல்லாம் செய்தான். குறைவைக்கவில்லை. தெருவே வந்திருந்தது, ராதம்மா வீட்டிலிருந்து எல்லோருக்கும் சாப்பாடு வந்தது. நித்யாவும் சேகரின் பையனும் ஒருவரை ஒருவர் சின்ன வயதில் பார்த்தவர்கள். முதல் நாள் இவள் இங்கிலீஷிலும் அவன் தமிழிலும் பேசிக்கொண்டிருந்தார்கள், பிறகு இரண்டும் கலந்துவிட்டது.

பால் தெளித்து முடித்த பிறகு ஊருக்குப் போய்விட்டு, பதினாறாம் நாள் காரியத்துக்குத் திரும்பி வருவதாக சேகர் சொன்னான். கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம் என்றான். வாணியோடு அவன் இன்னும் நேராகப் பேசவில்லை. எது வேண்டுமானாலும் மல்லிகா வழியாகத்தான் கேட்டான். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அவளைப் பார்த்தான்.

"ஊர்ல எடுத்திருந்தா தெனம் போய் ஒரு பார்வ பாத்துட்டு வந்திருப்பேன் அக்கா. இனிமே அப்பாவ பாக்கணும்னா, ஒவ்வொரு தடவையும் நான் பெங்களூருக்கு இல்ல வரணும்?"

வாணி அவன் பைக்குள் தயிர்சாதப் பொட்டலத்தை வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதுக்குத்தாண்டா இங்க வெச்சுக்கிட்டேன்" என்றாள்.

சேகர் செருப்பைக் கழற்றினான். சாயங்கால பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.